திங்கட்கிழமைச் சாப்பாடு

நியூ ஆர்லியன்ஸைப் பார்ப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அந்த ஊர்க்காரர்களைப் பார்த்துவிட்டேன். 2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை, கட்ரீனா புயல் அடித்தது. வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்து, ஊரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீருக்குள் போனது. ஆயிரக்கணக்கானவர்களைப் பேருந்துகளில் ஏற்றி நாங்கள் இருக்கும் ஹூஸ்டனுக்குக் கொண்டுவந்து, ஆஸ்ட்ரோடோம் அரங்கத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். நான் அப்போது நர்ஸ். அடுத்த திங்கள் தொழிலாளர் தின விடுமுறை என்பதால், ரத்த அழுத்தம் பார்க்கத் தன்னார்வலராகப் போனேன். ஒரு கறுப்பின மூதாட்டி கையை நீட்டியபடியே, "இன்றைக்குத் திங்கள்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பீன்ஸ் இல்லாமல் இது இரண்டாவது திங்கள்" என்றார். வீடு போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பட்டையைக் கழற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற பிறகு, இவர் ஒரு பழைய ஆர்.வி. வாங்கினார். 25 அடி நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மடக்கி வைத்தாற்போல ஒரு குளியலறை. வண்டியோடு வீட்டையும் ஓட்டிக்கொண்டு போவதில் சுகம் உண்டு. கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் வேலையும் உண்டு. அது முழுக்க இவர் இலாகா என்று முதல் நாளே பேசி முடித்துவிட்டேன்.

போன மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸுக்குக் கிளம்பினோம். ஹூஸ்டனிலிருந்து சுமார் 350 மைல். இளசுகள் ஐந்தாறு மணி நேரத்தில் போய்விடுவார்கள். நாங்கள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டோம். லூசியானாவில் அச்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் 18 மைலுக்குப் பாலமாகவே நெடுஞ்சாலை ஓடுகிறது. இருபக்கமும் தண்ணீருக்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்கள். பாலத்தில் ஓரம் கட்ட முடியாது என்பதால், காபி போட்டுத் தரச்சொல்லி இவர் கேட்டது பாலம் முடிகிறவரை நடக்கவில்லை.

ஊருக்குள் வண்டியோடு நுழைந்ததுதான் நாங்கள் செய்த தப்பு. பழைய தெருக்கள் குதிரை வண்டிக் காலத்து அகலம். ஓக் மரங்களோ தெருவின் குறுக்கே கை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. "ஏங்க, கிளை!" என்று நான் கத்தியதும், கூரை மேலிருந்த ஏ.சி. மூடியில் கிளை உரசியதும் ஒரே நேரம். நடைபாதையில் போன ஒருவர் நின்று, சிரிக்காமல், பின்னால் எடுக்க வழி காட்டினார். சிரித்திருந்தால்கூட இவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வண்டியை ஆற்றுக்கு அப்பால் வெஸ்ட்வீகோவில் இருக்கும் பேயூ செக்னெட் மாநிலப் பூங்காவில் நிறுத்தினோம். தண்ணீர், மின்சாரம் இரண்டும் உண்டு. மறுநாள் முதல் வாடகைக் காரில் அல்ஜியர்ஸ் முனைக்கு வந்து, படகில் மிசிசிப்பியைக் கடந்து ஊருக்குப் போனோம். நாங்கள் தங்கிய கரைக்கு மேற்குக் கரை என்று பெயர். ஆறு வளைந்து நெளிந்து போவதால், பழைய நகரத்தில் நின்று பார்த்தால் சூரியன் மேற்குக் கரையில்தான் உதிக்கிறது!

நான் கும்பகோணத்துக்காரி. ஆற்றுக்குப் படியிறங்கித்தான் பழக்கம். இங்கே ஜாக்சன் சதுக்கத்திலிருந்து ஆற்றைப் பார்க்கப் படியேற வேண்டும். ஏறி நின்றால் ஒரு பக்கம் கப்பல் போகிறது, மறுபக்கம் ஊர் பள்ளத்தில் கிடக்கிறது. கட்ரீனாவை எனக்கு விளக்க வேறு யாரும் தேவைப்படவில்லை.

சதுக்கத்துக்குப் பக்கத்தில் 1862-லிருந்து நடக்கும் கஃபே டு மோண்ட். பெனியே என்று சதுரமாக உப்பிய ஒரு பலகாரம், ஒரு தட்டுக்கு மூன்று, மேலே சர்க்கரைத் தூள் மலைபோல. கறுப்புப் புடவை கட்டிக்கொண்டு போகாதீர்கள். காபியை ஒரு வாய் குடித்ததும் இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். சிக்கரி! அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை துறைமுகத்தை முற்றுகையிட்டுக் காபிக்கொட்டை வரவிடாமல் செய்தபோது, இருந்த கொட்டையோடு சிக்கரி வேரை வறுத்துக் கலந்து சமாளித்தார்களாம். முற்றுகை போயும் ருசி போகவில்லை. அமெரிக்காவில் இத்தனை வருடங்களாக நான் குடித்த கடைக் காபிகளில் இதற்குத்தான் டிகாக்ஷன் என்று சொல்லத் தகுதி உண்டு.

தேவாலயம், ஜாக்சன் சிலை எல்லாம் பார்த்தோம். படங்களில் பார்ப்பது போலவே இருக்கின்றன. செயின்ட் சார்லஸ் டிராம் அப்படியல்ல. 1835-ல் தொடங்கிய தடம், உலகத்தில் இடைவிடாமல் ஓடும் டிராம்களில் மிகப் பழையது. 1920-களில் செய்த பச்சைப் பெட்டிகள், மர இருக்கை, திறந்த ஜன்னல். கட்டணம் 1.25 டாலர். மார்டி கிரா திருவிழா ஊர்வலத்தில் வீசிய பாசிமணி மாலைகள் மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

1789-ல் திறந்த செயின்ட் லூயிஸ் முதலாம் கல்லறைத் தோட்டத்துக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். கல்லறைகள் தரைக்கு மேலே சின்னச் சின்ன வீடுகள் போல இருக்கின்றன. ஒருவரை வைத்த பிறகு ஒரு வருடமும் ஒரு நாளும் கழித்துத்தான் அதே அறையைத் திறந்து, எலும்பை ஒதுக்கிவிட்டு அடுத்தவருக்கு இடம் தருவார்களாம். "கூட்டுக் குடும்பம்" என்றார் இவர். அவருடைய அம்மாவோடு பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் நான். பதில் சொல்லவில்லை.

மாலையில் பிரிசர்வேஷன் ஹால். 1961-லிருந்து நடக்கும் சின்ன ஜாஸ் கூடம். பெஞ்சு, தரை, அவ்வளவுதான். குடிக்கத் தின்ன எதுவும் விற்பதில்லை. சபா கேன்டீன் நினைப்போடு போகிறவர்களுக்கு ஏமாற்றம். டிரம்பெட்காரர் எங்கள் முட்டியில் இடிக்கும் தூரத்தில் நின்று வாசித்தார். மறுநாள் ஞாயிறு, காங்கோ சதுக்கம் போனோம். அடிமைகளாக இருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பறை கொட்டி ஆடிய இடம் அது. ஜாஸின் வேர் அங்கே என்கிறார்கள். நாங்கள் போன நேரத்தில் ஆள் இல்லை, ஓக் நிழல் மட்டும். போர்பன் தெருவில் இரவெல்லாம் கேட்கிற இரைச்சலைவிட எனக்கு அந்த வெறும் இடம் பிடித்திருந்தது.

கிளம்ப வேண்டிய நாள் திங்கட்கிழமை. மதியத்துக்கு ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் நுழைந்தோம். இவர் கம்போ வாங்கினார். அந்தப் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது. மாவைச் செங்கல் நிறத்துக்கு வறுத்துக் கரைத்த குழம்பு, வெண்டைக்காய், இறால். எனக்கு என்ன வேண்டும் என்று பரிமாறிய அம்மாள் கேட்கவே இல்லை. "திங்கட்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டு, சோற்றின் மேல் சிவப்பு பீன்ஸ் ஊற்றிய தட்டை வைத்தார். அந்தக் காலத்தில் திங்கள்தான் துணி துவைக்கும் நாளாம். ஞாயிறு மிஞ்சிய பன்றி எலும்போடு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டால், துவைத்து முடிக்கும்வரை அது தானாக வெந்துகொண்டிருக்கும். லூயி ஆம்ஸ்ட்ராங் கடிதம் எழுதினால் கையெழுத்துக்கு மேலே இந்தச் சாப்பாட்டின் பெயரைத்தான் போடுவாராம்.

ஆஸ்ட்ரோடோம் அம்மாளைப் பற்றிப் பரிமாறியவரிடம் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஹூஸ்டனில் யாராவது செய்து கொடுத்தார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இன்னொரு கரண்டி ஊற்றினார்.

நீங்கள் போவதானால் வண்டியை ஆற்றுக்கு அப்பால் நிறுத்திவிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர் புயல் காலம், வேண்டாம். எந்த மாதமானாலும் நடுவில் ஒரு திங்கட்கிழமை வருகிற மாதிரி நாள் பாருங்கள். பன்றி சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.