உப்புக் காற்றில் ஸ்பிரிங் வேலை

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கி வரும் ஏ-3 வீதி பாலாவிச் சந்தியில் கிளை பிரிகிறது. இடப்புறம் திரும்பினால் நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டி; நேரே போனால் சில கிலோமீற்றரில் புத்தளம் நகரம். சுற்றிலும் உப்பளம், களப்பு, சீமெந்துத் தொழிற்சாலை. அருவக்காட்டில் வெட்டும் சுண்ணக்கல் ரயிலில் இங்கே வருகிறது, சீமெந்தாகி லொறியில் வெளியேறுகிறது. உப்பும் லொறியில்தான் போகிறது. கற்பிட்டிக் குடாநாட்டு மணல் தோட்டங்களில் விளையும் வெங்காயமும் மிளகாயும் பூசணியும் இந்தச் சந்தியைத் தாண்டித்தான் சந்தைக்குப் போக வேண்டும்.

இத்தனை பாரம் ஓடும் ஊரில் ஸ்பிரிங் வேலை தெரிந்தவர்களுக்கு ஓய்வு கிடையாது. லொறியின் அடியில் அடுக்கியிருக்கும் பட்டை ஸ்பிரிங் தளர்ந்தால் வளைவு ஏற்றிக் கட்டுவது, முறிந்த பிளேட்டை மாற்றுவது, மேலே ஒரு பிளேட் சேர்த்துப் பாரம் தாங்க வைப்பது எல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலை. அவர்களுடைய பழைய தொழிலறிவு அனைத்தும் வண்டியை உயர்த்திப் பிடிப்பதற்கானது. அந்தக் கைகளிடம் இப்போது மின்சாரக் கார்களைக் கொண்டுவந்து, தாழ்த்தித் தரச் சொல்கிறார்கள். அந்த வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் பாலாவிக்குப் போனேன்.

இலங்கை வீதிகளில் மின்சாரக் கார் என்றால் பல ஆண்டுகளாக நிசான் லீஃப்தான். 2014, 2015 காலத்தில் ஜப்பானிலிருந்து அவை நிறைய வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, கியூ.ஆர். அட்டையோடு வாரப் பங்குக்காக மக்கள் வரிசையில் நின்றபோது, வீட்டில் செருகிச் சார்ஜ் ஏற்றும் கார் வைத்திருந்தவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு பாலாவிக்கு அருகிலேயே, நுரைச்சோலையின் 900 மெகாவொற் அனல் மின்நிலையத்தில், நிலக்கரியை எரித்துப் பிறக்கிறது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியதும் புதிய மின்சாரக் கார்கள் வரத் தொடங்கின. பழைய லீஃப்கள் கைமாறி இளைஞர்களிடம் வந்து சேர்ந்தன. அவர்கள் அவற்றைத் தங்கள் விருப்பப்படி அழகுபடுத்த நினைக்கிறார்கள்.

நான் போன கராஜின் முற்றத்தில் லொறிப் பிளேட்கள் சாய்த்து அடுக்கப்பட்டிருந்தன. தகரக் கூரைக்குக் கீழ் இரண்டு வாகனங்கள் நிற்க இடம் உண்டு. அதன் சொந்தக்காரரை ஊரில் எல்லோரும் பாஸ் என்கிறார்கள். வயது ஐம்பதைத் தாண்டியவர். யாழ்ப்பாணத்தில் அவருடைய வாப்பா லொறி வேலை செய்தவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, புத்தளம் மாவட்டத்துக்கு வந்துசேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. "ஆயுதம் ஒண்டும் கொண்டு வர ஏலாமப் போச்சு. வாப்பா கொண்டு வந்தது கையை மட்டுந்தான்," என்றார். அவர் சொன்ன ஆயுதம் ஸ்பனர், சம்மட்டி, ஜக். அவரிடம் இரண்டு இளைஞர்கள் வேலை பழகுகிறார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். மூவருக்கும் பொது மொழி போல்ட்டும் நட்டும்.

அன்று அங்கே வேலைக்கு வந்திருந்த கார் 24 கிலோவொற்-மணி பற்றரியுள்ள முதல் தலைமுறை லீஃப். கொண்டுவந்த இளைஞர் புத்தளத்தில் வேலை செய்பவர். ஸ்பிரிங் நான்கும் ஏற்கெனவே வாங்கி, பெட்டியோடு வந்திருந்தார். டயருக்கும் மட்காட் விளிம்புக்கும் இடையிலுள்ள வெற்றிடம் அவர் கண்ணை உறுத்துகிறது. கார் நிலத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். பாஸ் அந்த ஆசையை இளக்காரம் செய்யவில்லை. ஆனால் பெட்டியைத் திறக்கவும் இல்லை. கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"தம்பி, வீட்டு ஒழுங்கை காப்பெட்டா, கிறவலா?"

"கடைசித் துண்டு கிறவல், நானா."

"மழைக்கு அதில தண்ணி நிக்குமா? வழமையா எத்தினை பேர் ஏறுவீங்க?"

உம்மா, வாப்பா, தங்கை என்று நால்வர் ஏறுவார்கள் என்றார் இளைஞர். பாஸ் ஓர் அளவு நாடாவை எடுத்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மேலே மட்காட் விளிம்பு வரை அளந்து சுவரில் சோக்கால் எழுதினார். நிலத்திலிருந்து அளந்தால் டயரின் காற்று கூடிக்குறைவதைப் பொறுத்து அளவு மாறும். நடுவிலிருந்து அளந்தால் ஸ்பிரிங்கின் நிலை மட்டும் தெரியும். பிறகு இளைஞரைக் குனியச் சொல்லி, காரின் அடியைக் காட்டினார். அங்கே தரை முழுவதும் தட்டையாக, ஏறக்குறைய 300 கிலோ எடையில் பற்றரி பொருத்தப்பட்டிருக்கிறது. பெற்றோல் காரின் அடி கல்லில் உரசினால் சைலன்சர் நசுங்கும். இந்தக் காரில் அடிபடப் போவது வாகனத்தின் மிக விலையுயர்ந்த உறுப்பு. நிலத்துக்கும் அதற்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 150, 160 மில்லிமீற்றர். தாழ்த்துவதற்காக அதில் 30ஐக் கொடுத்துவிட்டால் மிச்சத்தை வைத்துத்தான் கிறவல் ஒழுங்கையையும் ரயில் கடவையையும் வேகத்தடைகளையும் கடக்க வேண்டும்.

இளைஞர் யோசித்துவிட்டு, கல்லை ஒதுக்கி மெதுவாகப் போவேன் என்றார். அதன் பிறகே பெட்டி திறந்தது.

சுருள் ஸ்பிரிங்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தள்ளும் விசைக்கு ஏற்ற அளவில் ஸ்பிரிங் சுருங்கும் என்று ரொபர்ட் ஹூக் 1678இல் எழுதினார். எவ்வளவு விசைக்கு எவ்வளவு சுருங்கும் என்பதைக் கம்பியின் தடிப்பும் சுருளின் அகலமும் சுற்றுகளின் எண்ணிக்கையும் தீர்மானிக்கின்றன. இவற்றுள் தடிப்பின் செல்வாக்குத்தான் மிகப் பெரிது. 12 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதிலாக 13 மில்லிமீற்றர் கம்பியை அதே அளவில் சுருட்டினால் விறைப்பு ஏறக்குறைய 38 வீதம் ஏறிவிடும். தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் குட்டையாக இருப்பதோடு விறைப்பும் கூடியவையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சக்கரம் மேலெழ முன்பு இருந்த இடம் இப்போது இல்லை. அதே பள்ளத்தில் விழும்போது அது குறைந்த தூரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஷொக்கின் தண்டில் இருக்கும் ரப்பர் தடுப்பில் போய் மோதும்.

பணத்தை மிச்சம் பிடிக்கச் சிலர் பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டித் தரச் சொல்கிறார்களாம். பாஸ் அந்த வேலையைத் தொடுவதில்லை. ஆறு சுற்று ஐந்தானால் விறைப்பு 20 வீதம் கூடும்; ஆனால் வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும் ஒரு கணத்தில் ஸ்பிரிங் இடம் விட்டு நழுவலாம். "இங்க வெட்டின ஸ்பிரிங் சிலாபத்துல கழண்டு விழுந்தா, உசிரு யாருட கணக்குல போகும்?" என்று கேட்டார்.

வேலை தொடங்கியதும் முதலில் மின்சாரத்தைப் பிரித்தார்கள். 12 வோல்ற் பற்றரியின் வயரைக் கழற்றினார் தமிழ் இளைஞர். பின்னிருக்கைக்கு முன்னால், தரைவிரிப்புக்குக் கீழேயுள்ள மூடியைத் திறந்து, உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் செருகியைப் பாஸ் தன் கையால் இழுத்து எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேறு யாரும் தவறிக்கூட அதைத் திருப்பிச் செருக முடியாது. பிறகு பத்து நிமிடத்துக்கு மேல் எவரும் காரைத் தொடவில்லை. உள்ளே தங்கியிருக்கும் மின்னேற்றம் வடிய வேண்டும். பற்றரியின் மின்னழுத்தம் ஏறக்குறைய 360 வோல்ற். ஸ்பிரிங் மாற்றும்போது செம்மஞ்சள் நிற வயர்களைத் தொட வேண்டியதே இல்லை. ஆனாலும் சம்மட்டி புழங்கும் இடத்தில் அந்த வயருக்குள் உயிர் இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

காரைத் தூக்கச் சக்கரங்களுக்கு அருகே ஓரத்திலுள்ள இடங்களை மட்டுமே பயன்படுத்தினார்கள். ஜக் தலைக்கு மேல் வைக்க மரத்துண்டுகள் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் ஜக் வைத்தால் பற்றரியின் வயிற்றில் குத்தும்.

சக்கரம் கழன்றதும் பாலாவியின் காற்று என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தது. ஷொக்கைச் சக்கர அச்சோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகளும் துருவேறி ஒரே உலோகமாகிக் கிடந்தன. களப்பிலிருந்தும் கடலிலிருந்தும் வரும் உப்பீரம் நட்டின் புரிகளுக்குள் புகுந்து இரும்பைத் தின்கிறது. லொறியானால் காஸ் சுவாலையைக் காட்டிச் சூடாக்கி ஒரே மூச்சில் இளக்கிவிடுவார்கள். அந்தக் கராஜின் கைப்பழக்கமே நெருப்பு. இந்தக் காரில் அது ஆகாது. அரை மீற்றருக்குள் பிறேக் குழாயும் உணரி வயரும் ரப்பர் புஷ்களும் இருக்கின்றன. அதற்கப்பால் வெப்பத்தைக் கொஞ்சமும் விரும்பாத லிதியம் பற்றரி.

எனவே நெருப்பு செய்த வேலையைப் பொறுமை செய்ய வேண்டியதாயிற்று. கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் புரிகளைத் தேய்த்தார்கள், துரு இளக்கும் எண்ணெய் அடித்தார்கள், விட்டார்கள். மறுபடி அடித்தார்கள். சிங்கள இளைஞர் நீளக் கம்பி கோத்த ஸ்பனரை எடுத்து மயிரிழை அளவு இளக்கினார், உடனே திருப்பி இறுக்கினார், மீண்டும் இளக்கினார். ஒரே திசையில் பலம் போட்டால் துருத்தூள் புரிகளில் திரண்டு போல்ட்டை முறித்துவிடும். முன்னும் பின்னும் ஆட்டும்போது அந்தத் தூள் எண்ணெயோடு வெளியேறுகிறது. "சத்தத்தைக் கேளு மகன்," என்றார் பாஸ். கீச்சென்ற ஒலி மெல்ல மெல்லத் தணிந்து, நட் சுழலத் தொடங்கியது.

ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கழன்று மேசைக்கு வந்தன. அதுதான் ஆபத்தான கட்டம். லீஃபின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 கிலோவைத் தாங்குகிறது. அதைத் தாங்கும் சுருள், கழற்றிய பிறகும் அமுங்கிய நிலையிலேயே நிற்கிறது. உச்சி நட்டை அப்படியே திறந்தால் அது பீரங்கிக் குண்டு போலப் பாயும். இரண்டு பக்கமும் அமுக்கியைக் கொக்கி போட்டு, மாறி மாறிச் சம அளவில் முறுக்கினார் பாஸ். அந்த நேரம் எவரும் அதன் நேரே நிற்கக் கூடாது. என்னையும் பக்கவாட்டுக்கு நகர்த்தினார். புதிய ஸ்பிரிங்கைப் போடும்போது கொக்கி படும் இடமெல்லாம் துணி சுற்றினார். பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் உப்பு அங்கே குழி தோண்டும். அந்தக் குழியிலிருந்தே கம்பி ஒருநாள் முறியும். கப்பல் ஏறி வந்த பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பின்பக்கத்தில் ஸ்பிரிங் வேறு, ஷொக் வேறு. ஷொக்கின் கீழ்ப் போல்ட்டுகளை எடுத்து, குறுக்குச் சட்டத்தை ஜக்கால் தாங்கி மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கைக்கு வரும். பிறேக் குழாய் இழுபடாமல் ஒருவர் கண்வைத்திருந்தார். வேலை முடிந்ததென்று நான் நினைத்த நேரத்தில்தான் பாஸின் தேர்ச்சியை முழுதாகக் கண்டேன். முன் கைகளையும் பின் சட்டத்தையும் உடலோடு பிணைக்கும் புஷ் போல்ட்டுகளை அவர் இறுக்காமல் விட்டிருந்தார். காரை இறக்கி, சக்கரங்கள் தரையில் நின்று பாரம் ஏற்ற பிறகு, கீழே படுத்து அவற்றை இறுக்கினார். தூக்கிய நிலையில் இறுக்கினால் கார் இறங்கும்போது புஷ்ஷின் ரப்பர் முறுக்கப்பட்டு, ஓடும் நேரமெல்லாம் அந்த முறுக்கிலேயே இருந்து கிழியும். புதிய உயரமே இனி அதன் இயல்பான உயரம். ரப்பர் அந்த உயரத்தில் ஓய்வாக இருக்க வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்தப் பலர் தாண்டிப்போகும் படி இது.

சுவரின் சோக் எழுத்துக்குப் பக்கத்தில் புதிய அளவுகள் ஏறின. நால்வரை ஏற்றிக்கொண்டு ரயில் கடவை வரை போய் வந்தார்கள், எங்கும் தட்டவில்லை. பயணம் முன்பைவிட விறைப்பாக இருப்பதை இளைஞரே சொன்னார். கார் தாழும்போது சக்கரங்களின் சாய்வும் நேரும் மாறிவிடும், டயர் ஒரு பக்கம் தேயும். அதனால் நேரே எலைன்மன்ற் பார்க்கப் போகச் சொன்னார் பாஸ். ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொரு தடவை வந்து அளக்க வேண்டும், ஹெட்லைற்றின் உயரத்தையும் பார்க்க வேண்டும் என்றார்.

தாழ்த்தினால் சார்ஜ் கூடுதல் தூரம் வருமா என்று இளைஞர் கேட்டார். தாழ்ந்த காருக்குக் காற்றின் எதிர்ப்பு சற்றுக் குறையும் என்பது உண்மை. ஆனால் அந்த எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. 100 கிலோமீற்றர் வேகத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் 70இல் இருக்கும். அதிவேக வீதி இல்லாத இந்தப் பக்கத்தில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகமே 70. இங்கே கிடைக்கும் மிச்சம் மிகச் சிறியது. ஆசைக்காகச் செய்யலாம், சிக்கனத்துக்காகச் செய்ய வேண்டியதில்லை.

எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. ஆயிரம் வோல்ற் தாங்கும் காப்புக் கையுறை அந்தக் கராஜில் இல்லை. உயர் மின்னழுத்தம் பற்றி அவர்கள் அறிந்ததெல்லாம் கைபேசிக் காணொளிகளில் பார்த்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் சேர்த்தது. பாஸின் சட்டைப் பையில் கிடந்த செருகி அவருடைய எச்சரிக்கையைக் காட்டுகிறது. ஆனால் ஒரு தொழிலின் பாதுகாப்பு ஒருவருடைய எச்சரிக்கையில் மட்டும் தங்கியிருக்கக் கூடாது. தொழிற்பயிற்சிக்கு அமைப்புகளும் என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமைத் தரங்களும் உள்ள நாடு இது. மின்சாரக் காரை இறக்குமதி செய்ய அனுமதிக்கும் அரசு, அதன் அடியில் படுத்து வேலை செய்கிறவருக்கு உரிய பயிற்சியைத் தமிழிலும் சிங்களத்திலும், பாலாவி போன்ற சந்திகளுக்கே கொண்டுவந்து தரக் கடமைப்பட்டிருக்கிறது. அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் அறிவைச் சோதித்துச் சான்றிதழும் தர வேண்டும்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஸ்பிரிங்கை வாங்குவதற்கு முன்பே வேலை செய்யப் போகிறவரிடம் போங்கள். அவர் உங்கள் ஒழுங்கையைப் பற்றியும் ஏறும் ஆட்களைப் பற்றியும் கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். செய்ய முடியாது என்று அவர் மறுத்தால் அந்த மறுப்புக்கும் மதிப்புக் கொடுங்கள். அந்தக் கேள்விகளுக்கும் அந்தப் பொறுமைக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள். உங்கள் குடும்பம் அவற்றை நம்பித்தான் அந்தக் காரில் ஏறுகிறது.