அட்டையில் ஒரு ரயில் பெட்டி

எங்கள் ஜவ்வாது மலையில் ரயில் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் போளூருக்கோ திருப்பத்தூருக்கோ இறங்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண் பிள்ளை அட்டையை வெட்டி ரயில் பெட்டி செய்கிறாள் என்றால் சிரிக்க மாட்டார்களா? "பொட்டப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்பார் என் மாமியார். பத்தாவது எழுதிவிட்டு, பாலிடெக்னிக்கில் மெக்கானிகல்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என் மகள். அவள் அப்பா பிடி கொடுக்கவில்லை. மலையை விட்டு இறங்கி ஹாஸ்டலில் இருக்க வேண்டுமே என்கிறார். பெற்றவருக்கு அந்தப் பயம் வரத்தானே செய்யும்?

அவள் எடுத்துக்கொண்டது பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி. அந்தத் தொழிற்சாலை 1955-ல் ஆரம்பித்தது. பெட்டியின் அமைப்பு சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. 2018-ல் இந்த வகையை நிறுத்திவிட்டு எல்.எச்.பி. பெட்டிக்கு மாறிவிட்டார்கள். நாமெல்லாம் இத்தனை வருஷம் ஏறி இறங்கியது பெரும்பாலும் பழைய வகையில்தான்.

எல்லா அளவையும் 87-ஆல் வகுக்க வேண்டும். 21.337 மீட்டர் நீளம் 24.5 சென்டிமீட்டர் ஆகிறது. 3.245 மீட்டர் அகலம் 3.7 சென்டிமீட்டர். தண்டவாளத்தில்தான் ஒரு சிக்கல். நம் அகல ரயில் பாதை 1,676 மில்லிமீட்டர், வகுத்தால் 19.3 வரும். கடையில் கிடைக்கிற மாடல் தண்டவாளமோ வெளிநாட்டுப் பாதைக்கு ஏற்ற 16.5 மில்லிமீட்டர். சென்னையிலிருந்து என் தம்பி வாங்கி வந்த சக்கரமும் தண்டவாளமும் அதுதான். "கொஞ்சம் ஒடுக்கமா தெரிஞ்சா தெரியட்டும்மா" என்று அவள் விட்டுவிட்டாள். கைக்கு எட்டாததற்காக மற்ற வேலையை நிறுத்தாமல் இருந்தது எனக்குப் பிடித்தது.

சுவருக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. மூன்றை ஃபெவிகால் போட்டு ஒட்டினால் நல்ல கெட்டி. ஆனால் எங்கள் மலை ஈரத்தில் காலையில் பார்த்தால் வாழைப்பட்டை மாதிரி வளைந்து கிடந்தது. இங்கேதான் என் தையல் படிப்பு உதவியது. துணிக்கு நேர்நூல், குறுக்குநூல் இருப்பதுபோல அட்டைக்கும் இழை உண்டு. மடித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் சுலபமாக மடிகிறதோ அதுதான் இழையின் போக்கு. ஈரம் பட்டால் அட்டை இழைக்குக் குறுக்காகத்தான் உப்பும். ஆகவே வெளி அட்டைகள் இரண்டுக்கும் இழை பெட்டியின் நீளவாக்கில், நடு அட்டைக்குக் குறுக்குவாக்கில் வைத்தோம். பசையை மெல்லிசாகத் தடவி, பிளாஸ்டிக் காகிதத்துக்கு நடுவே வைத்து அம்மிக்கல்லை ஏற்றினோம். மறுநாள் எடுத்து, அப்பளம் காய வைப்பதுபோல இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி நிழலில் உலர்த்தினோம். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் அப்பளமும் சுருளும், அட்டையும் சுருளும். பிறகு உள்ளும் புறமும் வார்னிஷ் அடித்துவிட்டால் பனிக்காலத்தையும் தாங்கும். வார்னிஷை வாசலில் வைத்து அடியுங்கள். சமையல் அறையில் வேண்டாம். தீப்பிடிக்கிற சரக்கு, நெடியும் தலைவலி தரும்.

கூரைக்கு ஒற்றை அட்டையை லேசாக நனைத்து, பூரிக்கட்டையில் வைத்து நாடாவால் சுற்றி ஒரு ராத்திரி விட்டோம். ஜன்னல் கம்பிக்குச் சாம்பல் நிற நூல். ஊசியால் துளையிட்டு இழுத்துக் கட்டி, ஒரு சொட்டுப் பசை. கண் வலிக்கிற வேலை, பகல் வெளிச்சத்தில்தான் செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்து ஓட்டினால் வளைவில் சக்கரம் கீழே இறங்கிவிடும். மூன்று நாள் இதே கதை. அவள் சாப்பாட்டைக்கூட மறந்தாள். பெட்டிக்கு அடியில் இரண்டு போகி, அதாவது சக்கர வண்டி; நடுவுக்கு நடு 17 சென்டிமீட்டர். இரண்டையும் ஸ்குரூ போட்டு ஒரே மாதிரி இறுக்கியிருந்தது. பாதையில் துளி மேடு பள்ளம் இருந்தாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். நாலு கால் ஸ்டூல் சமமில்லாத தரையில் ஆடும். மூன்று கல் அடுப்பு எங்கே வைத்தாலும் ஆடாது அல்லவா? அந்தக் கணக்குதான். ஒரு போகி திரும்ப மட்டும் வேண்டும், பக்கவாட்டில் சாயக்கூடாது. இன்னொன்றின் ஸ்குரூவைத் தளர்த்தி எல்லாப் பக்கமும் அசைய விட வேண்டும். அப்போது பெட்டி மூன்று இடத்தில் உட்கார்ந்த மாதிரி.

எடையும் பத்தவில்லை. அமெரிக்காவில் மாடல் ரயில் சங்கத்தார் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: முதலில் 28 கிராம், பிறகு நீளத்தில் அங்குலத்துக்கு 14 கிராம். இந்தப் பெட்டிக்குச் சுமார் 165 கிராம் வரும். சைக்கிள் கடை நட்டுகளைச் சீட்டுக்கு அடியில், தரையோடு தரையாக, இரு முனையிலும் சமமாக ஒட்டி, மளிகைக் கடைத் தராசில் நிறுத்துச் சரி பார்த்தாள். ஈயக் குண்டு வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். குழந்தைகள் கை வைக்கிற பொருளில் ஈயம் கூடாது.

அன்று சாயந்திரம் பெட்டி வளைவைச் சுற்றி வந்து நின்றது. அவர் அதைக் கவிழ்த்துப் பிடித்து, தளர்ந்த போகியை விரலால் ஆட்டிப் பார்த்தார். "இது ஏன் லூசா இருக்கு?" என்று கேட்டார். அரை மணி நேரம் விளக்கினாள். சாப்பிடும்போது, ஹாஸ்டலுக்கு மாசம் எவ்வளவு ஆகும் என்று என்னைக் கேட்டார். இன்னும் சரி என்று சொல்லவில்லை.

இரண்டாவது பெட்டிக்கு அட்டை போதவில்லை. தெரிந்தவர் வீட்டிலெல்லாம் கெட்டிப் பத்திரிகை இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.