எட்டரை மணிச் சாப்பாடு

மும்பைவாசிகளுக்கு சனி, ஞாயிறு வந்தால் எங்காவது ஓடவேண்டும். 30 வருடங்களில் எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. லோனாவ்லாவா, அலிபாக்கா, மாதேரானா, எந்த ரயில், எங்கே தங்கினால் மலிவு என்றெல்லாம் அலுவலகத்தில் என்னைத்தான் கேட்பார்கள். என் கணக்கு எளிதானது. அறை ஊரைவிட்டுத் தள்ளி, அமைதியாக, வாடகை குறைவாக இருக்கவேண்டும். சாப்பாடு? பசிக்கும் இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

2019 ஜனவரியில் அம்மாவை மாதேரானுக்கு அழைத்துப் போனபோதும் இதே கணக்குதான். அம்மாவுக்கு அப்போது வயது 74. அப்பா போன பிறகு மன்னார்குடி வீட்டைப் பூட்டிவிட்டு டோம்பிவிலியில் எங்கள் இரண்டு அறை ஃபிளாட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல். "மரத்தைப் பாத்தே நாளாச்சுடா" என்றாள் ஒருநாள். அன்றைக்கே போனை எடுத்துவிட்டேன்.

மாதேரான் மற்ற மலை ஊர்களைப் போன்றதல்ல. தஸ்தூரி நாகாவோடு கார்கள் நின்றுவிடும். அதற்குமேல் செம்மண் பாதையில் நடக்கலாம், குதிரையில் போகலாம். மனிதர்கள் இழுத்தும் தள்ளியும் ஓட்டும் கைரிக்‌ஷாவும் அப்போது இருந்தது. அமன் லாட்ஜ் ஸ்டேஷனிலிருந்து பஜார்வரை குட்டி ரயிலும் உண்டு. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் போட்டு, 1907ல் ஓடத்தொடங்கிய 2 அடி அகலப் பாதை அது. இங்கே அறைக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கால்தான் அளக்கவேண்டும். அதனாலோ என்னவோ, பல ஹோட்டல்களில் மூன்று வேளைச் சாப்பாட்டையும் வாடகையோடு சேர்த்தே பேசுவார்கள்.

பஜாரில் அப்படி ஒரு ஹோட்டல் கிடைத்தது. ஆனால் இரவுக்கு 900 ரூபாய் அதிகம். வேண்டாம் என்றுவிட்டேன். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் இன்னொரு விடுதியைப் பிடித்தேன். "பஜாரிலிருந்து 10 நிமிடம்தான் சார்" என்றது போனில் குரல். யாருடைய 10 நிமிடம் என்று நான் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாடு உண்டா என்றேன், உண்டு என்றார்கள். எத்தனை மணிக்கு என்றும் கேட்கவில்லை.

கர்ஜத் லோக்கலில் நேரல்வரை, அங்கிருந்து ஷேர் டாக்சி. தஸ்தூரிக்குப் போய்ச்சேர்வதற்குள் குட்டி ரயில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. கைரிக்‌ஷாக்காரர் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், ஒல்லியான உடம்பு. அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "என்னை ஒரு மனுஷன் இழுக்கறதா? நான் நடக்கறேன்" என்றாள். முழங்கால் வலியோடு, உட்கார்ந்து உட்கார்ந்து, பஜாருக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அங்கே மத்தியானச் சாப்பாடு. பிறகு விடுதிக்கு இன்னும் 35 நிமிடம். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! வழியில் ஒரு மரத்தைத் தொட்டுப்பார்த்து, "நாவல்டா இது, நம்ம நாவல்" என்றாள். என் ஏற்பாடு பிரமாதம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மாவுக்குப் 11 வருடமாகச் சர்க்கரை. வீட்டில் ஏழரைக்கு ஊசி போட்டுக்கொள்வாள், எட்டு அடிப்பதற்குள் தட்டு முன்னால் வந்துவிடும். அதை கவனிப்பவள் என் மனைவி. டூர் திட்டம் மட்டும் என் இலாகா. அன்றும் ஏழரைக்கு ஊசி போட்டுக்கொண்டாள். 7.45க்குச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனால் இருட்டு. நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்திருந்தன. "எட்டரைக்குத்தான் சாப்" என்றான் பையன். பஜாருக்குப் போகலாமென்றால் விளக்கில்லாத காட்டுப் பாதை. முக்கால் மணிதானே என்று அறைக்குத் திரும்பினோம்.

எட்டு பத்துக்கு அம்மா என்னை மாமாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஜனவரிக் குளிரில் நெற்றி வியர்த்திருந்தது. கை நடுங்கியது. ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி டோம்பிவிலியில் பத்திரமாக இருந்தது. பையில் இருந்தது பஜாரில் வாங்கிய அரைக் கிலோ கடலைச் சிக்கி. ஒரு துண்டை அம்மா கையில் கொடுத்தேன். கடைவாய்ப் பற்கள் இல்லாதவளிடம் சிக்கி! என் மனைவி பக்கத்து அறைக் கதவைத் தட்டினாள்.

அங்கே ஒரு குஜராத்திக் குடும்பம். பாட்டியம்மா எதுவும் கேட்கவில்லை. தன் டப்பாவிலிருந்து மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து நீட்டினார். கால் மணி நேரத்தில் அம்மா என் பெயரைச் சொன்னாள். பின்னாலேயே தெப்லாவும் மாங்காய்ச் சுந்தாவும் ஒரு தட்டில் வந்தன. ஊருக்கெல்லாம் சமையலறையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே என்று ரயிலில் இவர்களைப் பார்த்து எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்!

அடுத்த வாரம் டாக்டர் என்னைத்தான் திட்டினார். அம்மா போடும் வகை ஊசிக்குப் பிறகு அரை மணிக்குள் சாப்பாடு வேண்டும். ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கவேண்டும். கடலைச் சிக்கி அவசரத்துக்கு உதவாது, கடலையின் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்றார். எனக்கு அந்த 900 ரூபாய்தான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்காகப் போன பயணத்தில் அம்மாவின் கடிகாரத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். அவள் கவலையோ வேறு. "இதைச் சாக்கா வச்சு இனிமே என்னை வீட்டோட வச்சிடாதே" என்றாள், டாக்டர் வீட்டுப் படியிறங்கும்போது.

வைக்கவில்லை. ஆனால் இப்போது போனில் முதல் கேள்வி வாடகை அல்ல, அடுப்பு எத்தனை மணிக்குப் பற்றவைப்பீர்கள் என்பதுதான். 7.45க்கு இரண்டு ரொட்டியும் பருப்பும் மட்டும் அறைக்கு வருமா? அறை தரைத்தளமா? சிலர் சிரிக்கிறார்கள். "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பவர்களுக்கு நன்றி சொல்லி வைத்துவிடுகிறேன். யாராவது "இருங்க, சமையல்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்றால் அந்த இடம்தான். நாசிக்கும் அலிபாக்கும் இப்படித்தான் அமைந்தன. இரண்டிலும் அறைகள் சுமார்தான்.

2025 ஜனவரியில் மறுபடி மாதேரான். இந்த முறை தஸ்தூரியிலிருந்து மின்சார ரிக்‌ஷா. "இப்ப சரி" என்று ஏறிக்கொண்டாள் அம்மா. அந்த ஆகஸ்டில், 6 மாதத்துக்குள் கைரிக்‌ஷாவை ஒழிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதைப் படித்துக்காட்டியபோது, இழுத்தவர்களுக்கு மின்சார ரிக்‌ஷா கொடுப்பார்களா என்றுதான் முதலில் கேட்டாள். கொடுக்கச் சொல்லியிருக்கிறது கோர்ட்.

தங்கியது பஜார் நடுவில். கீழே குதிரைக்காரர்களின் சத்தம், குட்டி ரயிலின் கூவல். 7.45க்கு ரொட்டியும் பருப்பும் சூடாக வந்தன. பையில் சர்க்கரைப் பொட்டலம், கருவி, என் மனைவி செய்த தெப்லா எல்லாம் இருந்தன. சாப்பிட்டு முடித்து, அம்மா ஜன்னல் கதவைத் தள்ளினாள். எதிரே கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று.

"மரம் எங்கடா?" என்றாள்.