பொழிக்கு ஒரு சான்று

பேருந்து புதுக்கடையைத் தாண்டியதும் பக்கத்து இருக்கையில் இருந்த பெண் செல்பேசியை என்னிடம் நீட்டினாள். திரையில் தமிழ் விக்கிப்பீடியாவின் பக்கம் ஒன்று. கருங்கலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஊரைப் பற்றியது.

"வாசிச்சுப் பாருங்க சார். இதுல எங்கயாவது அந்த ஊரு இருக்கா?"

வாசித்தேன். மக்கள்தொகை இருந்தது, ஆண் பெண் விகிதம் இருந்தது, எழுத்தறிவு சதவீதம் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு இருந்தது. தலைப்பை மட்டும் மாற்றினால் தருமபுரியில் ஓர் ஊருக்கும் அப்படியே பொருந்தும்.

2003 செப்டம்பர் 30-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2017 மே மாதத்தில் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அவற்றில் ஊர்க் கட்டுரைகள் கணிசம். கணக்கெடுப்பு எண்களைத் தானியங்கிகள் வாங்கி, ஒரே அச்சில் வார்த்து, ஊருக்கு ஒன்றாக ஏற்றிவிட்டுப் போயின. குறைசொல்ல மாட்டேன். மனையில் கல்லாவது நட்டாயிற்று. வீடு கட்டுவது யார் என்பதுதான் பாக்கி. இவள் அப்படிக் கட்டுகிற கூட்டத்தில் ஒருத்தி. பொறியியல் மூன்றாம் ஆண்டு. சம்பளம் கிடையாது, கட்டுரையின் அடியில் பெயர்கூட வராது.

மாதத்தில் ஒரு ஞாயிறு, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏதாவது ஓர் இடத்துக்குப் போய்ப் படம் எடுத்து, விசாரித்து, இருக்கிற கட்டுரையைத் திருத்தி வருவது இவர்கள் வழக்கம். உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் பல்லுயிர்ப் பூங்காவும் டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையும் முடிந்திருந்தன. இந்த ஞாயிறு தேங்காய்ப்பட்டணம். எழுதப் போகிறேன் என்று சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன்.

நிறுத்தத்தில் பெரியவர் ஒருவர் காத்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், எண்பதைத் தாண்டியவர். கணினியைத் தொட்டதில்லை. அவரில்லாமல் இந்தப் பெண்ணால் பாதி வேலை செய்ய முடியாது என்பது போகப்போகத்தான் விளங்கியது. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூராகவும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியாகவும் இருந்த மண். அரசாங்கக் காகிதம் மலையாளத்தில் இருந்தது, கெட்டிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. நாகமையாவின் 'திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல்' 1906-இல் ஆங்கிலத்தில்தான் வந்தது. இந்தக் கடற்கரையைப் பற்றித் தமிழில் மேற்கோள் காட்ட உட்கார்ந்தால் பழைய காலத்துக்கு அகப்படுவது சொற்பம். பெரியவர் சிறுவயதில் மலையாளப் பள்ளியில் படித்தவர். அவள் நூலகத்தில் எடுத்த பக்கங்களின் படத்தைத் திறந்து பெரிதாக்கிக் காட்டுவாள், அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்துப் பொருள் சொல்வார்.

"சாரே, இந்த வரி?"

"வெட்டினான்னு இல்ல மக்களே. வெட்டத் தொடங்கினான்னு இருக்கு. ரெண்டும் ஒண்ணா?"

அந்த வரி ஏவிஎம் கால்வாயைப் பற்றியது. சென்னைக்காரர்கள் கேட்டால் படம் எடுக்கிறவர்கள் வெட்டியதா என்பார்கள். அனந்த பத்மநாபன், விக்டோரியா, மார்த்தாண்ட வர்மா - ஒரு தெய்வம், ஒரு மகாராணி, ஒரு மகாராஜா மூவரையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது. உத்திராடம் திருநாள் மகாராஜா காலத்தில், 1860-இல், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்க நினைத்துத் தொடங்கியது. கன்னியாகுமரி வரைக்கும் அது போய்ச் சேரவே இல்லை. அதனால்தான் 'வெட்டினான்' என்பதும் 'வெட்டத் தொடங்கினான்' என்பதும் ஒன்றல்ல. கரையில் நின்று பார்த்தோம். பச்சை ஜமக்காளம் விரித்ததுபோல் ஆகாயத்தாமரை. எட்டிப் பார்த்தால்தான் அடியில் தண்ணீர் இருப்பது தெரியும். அவள் மூன்று கோணத்தில் படம் எடுத்தாள்.

படம் எடுப்பதிலும் சட்டம் பார்க்கிறார்கள். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் கட்டடத்தையும் சிலையையும் படம் எடுத்து வெளியிட 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. சுவரோவியத்துக்கும் அறிவிப்புப் பலகைக்கும் அந்தச் சலுகை இல்லை. ஆகவே படங்களைச் சேமிக்கும் விக்கிமீடியப் பொதுவகத்துக்குக் கட்டடம் போகலாம், அதன் முன்னால் நிற்கும் பலகை போகக்கூடாது. பலகை விழாத கோணம் தேடி அவள் ஒரு தென்னையைச் சுற்றிச்சுற்றி வந்ததைக் கடைக்காரர் ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஆள்கூறு. ஊருக்கு 8 பாகை 14 நிமிடம் வடக்கு, 77 பாகை 10 நிமிடம் கிழக்கு. இதில் ஒரு நிமிடம் பிசகினால் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். உள்நாட்டு ஊர் என்றால் அடுத்த ஊரோ அடுத்த வயலோ என்று போய்விடும். இங்கே அரபிக்கடலில் விழும். ஒருமுறை வேறொரு கடற்கரை ஊரின் கோயிலை யாரோ நடுக்கடலில் நட்டிருந்தார்களாம். "ரெண்டு வருசமா யாரும் பாக்கல சார். சாமி நனஞ்சுட்டே இருந்தது."

வலிய பள்ளிக்குப் போனோம். பழைய கருங்கல் பள்ளிவாசல். மாலிக் இப்னு தீனார் வந்து கட்டியது என்பது ஊர் மரபு. எத்தனை நூற்றாண்டுப் பழமை என்று கேட்டால் சொல்பவருக்குத் தக்கபடி எண் ஏறும், இறங்கும். இந்த இடத்தில் இவர்கள் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. 'கட்டினார்' என்று எழுதினால் வரலாறு படித்தவர் வந்து அழிப்பார். எழுதாமல் விட்டால் ஊர்க்காரர் வந்து சேர்ப்பார். சேர்ப்பதும் அழிப்பதுமாக 'வரலாறு' பக்கம் நீண்டுகொண்டே போகும். 'கட்டியதாக ஊர் மரபு கூறுகிறது' என்று எழுதிவிட்டால் இருவருக்கும் வேலை இல்லை. 'நடுநிலை நோக்கு' என்று இதற்குப் பெயர். தப்பிக்கிற வழியோ என்று எனக்கு முதலில் தோன்றியது. அப்படி இல்லை. மரபு என்று ஒன்று இருப்பதும் ஒரு செய்திதான், அதை மறைக்கவும் கூடாது, கல்வெட்டாக்கவும் கூடாது.

இதே ஊரில்தான் 1944-இல் தோப்பில் முஹம்மது மீரான் பிறந்தார். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே எழுதி, 'சாய்வு நாற்காலி'க்காக 1997-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். ஊரின் பேச்சை அச்சில் ஏற்றியவர். ஊர்ப் பெயரையே எப்படி எழுதுவது என்ற சண்டையில் அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டார்களாம். தேங்காய்ப்பட்டணம், தேங்காப்பட்டணம், தேங்காபட்டினம் என்று மூன்று விதம். ஊர்க்காரர் வாயில் 'ய்' வருவதே இல்லை. பேருந்துப் பலகைக்கு ஒரு எழுத்து, அரசாணைக்கு ஒரு எழுத்து. ஒன்றைத் தலைப்பாக வைத்து மற்றவற்றை வழிமாற்றாக்குவதுதான் இவர்கள் செய்யும் சமாதானம். எதைத் தட்டினாலும் ஒரே வீட்டுக்கு வந்து சேரலாம்.

ஆற்றுப் பெயரும் அப்படித்தான். தமிழ்நாட்டில் தாமிரபரணி என்றால் திருநெல்வேலிதான் நினைவுக்கு வரும். இங்கே கடலில் கலப்பதும் தாமிரபரணிதான், குழித்துறை ஆறு என்றும் சொல்வார்கள். கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாக இறங்கி, இங்கே கடலுக்கு வருகின்றன. ஒரே பெயரில் இரண்டு ஆறு என்றால் விக்கிப்பீடியாவில் 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று ஒரு பக்கம் வைப்பார்கள். நாற்சந்தியில் கைகாட்டி நிற்பதுபோல.

அதே பறளியாற்றின் மேல்தான் மாத்தூர் தொட்டிப்பாலம் நிற்கிறது. காமராசர் முயற்சியால் 1966-இல் கட்டியது. 115 அடி உயரம், 28 தூண்கள், ஒரு கிலோமீட்டர் நீளம் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். பெண் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். 28 தூணை வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் தூணுக்குத் தூண் முப்பத்தைந்து மீட்டர் வர வேண்டும். பாலத்தின் கீழே நின்றவர்கள் யாரும் அதை நம்ப மாட்டார்கள், இடைவெளி அதில் பாதிகூட வராது. ஆனால் அவளால் கட்டுரையில் அதை எழுத முடியாது. 'சொந்த ஆய்வு கூடாது' என்பது விதி. கண்ணால் பார்த்தது சான்றல்ல, அச்சில் வந்தது சான்று. தப்பாகவே அச்சாகியிருந்தாலும்.

"அப்போ என்ன செய்வீங்க?"

"பேச்சுப் பக்கத்துல கேள்வியா எழுதி வச்சிருக்கேன் சார். யாராவது பொதுப்பணித்துறைக் காகிதத்தோட வருவாங்க. ஒரு வருசம் ஆச்சு."

எனக்கு இந்த விதிமேல் கோபம் வந்தது. ஆனால் இதே விதி இல்லாவிட்டால் ஆளாளுக்குத் தன் குலப்பெருமையை எழுதி வைத்திருப்பார்கள் என்பதும் தெரியும். மாவட்டத்துக் கோயில் கட்டுரைகள் சிலவற்றின் பழைய வடிவங்களை அவள் காட்டினாள். ஒவ்வொன்றும் ஆசியாவிலேயே முதலாவது.

மதியத்துக்கு மேல் பொழிக்குப் போனோம். ஆறு கடலில் விழும் வாயை இந்தக் கரையில் பொழி என்பார்கள். பக்கத்தில் மீன்பிடித் துறைமுகம், கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறைக் கற்கள். வாயில் மணல் திரண்டு, அலை மடங்கி உடைந்து, வள்ளங்கள் கவிழ்ந்து ஆட்கள் இறந்தது செய்தித்தாளில் திரும்பத்திரும்ப வந்திருக்கிறது. வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்து எந்த ஆபீஸ் என்று கேட்டார். ஆபீஸ் இல்லை என்று அவள் விளக்கினாள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதுகிற கலைக்களஞ்சியம் என்றாள்.

"யாரும் எழுதலாமா?"

"எழுதலாம்."

"அப்ப எனக்க தம்பி பேர எழுதுவியளா? இந்தப் பொழியிலதான் போனான்."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. 'குறிப்பிடத்தக்கமை' என்று இன்னொரு விதி இருக்கிறது. ஒருவருக்குத் தனிக் கட்டுரை வேண்டுமென்றால் அவரைப் பற்றிப் பல இடங்களில் விரிவாக அச்சாகியிருக்க வேண்டும். அவர் தம்பியைப் பற்றி வந்தது உள்ளூர்ப் பதிப்பில் நான்கு வரி. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? பெரியவர்தான் வலைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எந்த வருடம், எந்த மாதம், வள்ளத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். தம்பி பெயரைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார், மலையாள எழுத்தில்.

திரும்பி நடக்கும்போது அவள் சொன்னாள்: "பேரு நிக்காது சார். யாராவது எடுத்துடுவாங்க, எடுக்கறவங்க பக்கம் நியாயமும் இருக்கு. ஆனா இந்த வாய் ஆபத்தானதுன்னு ஒரு வரி எழுதி, தேதியோட நாலு செய்தியைச் சான்றா வச்சா, அந்த வரிய யாராலயும் அசைக்க முடியாது."

அந்த நான்கு செய்திகளில் ஒன்று அந்த நான்கு வரியாக இருக்கும் என்றாள்.

நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சாயாக்கடையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். பழம்பொரி வந்தது. பெரியவர் சர்க்கரை இல்லாத கட்டன்சாயா சொன்னார். அவள் எழுதியது மொத்தம் ஆறே வரி. 'பொழி' என்று போட்டு, சான்று சேர்த்து, மூன்று படம் ஏற்றிச் சேமித்தாள். நாள் முழுக்க அலைந்ததற்கு ஆறு வரியா என்று எனக்குப் பட்டது. பத்திரிகைக்காரன் புத்தி.

சாயா ஆறுவதற்குள் கவனிப்புப் பட்டியலில் அசைவு. 'பொழி' போய்க் 'கழிமுகம்' வந்திருந்தது. மாற்றியவர் மட்டக்களப்புக்காரர், அவள் ஒருமுறைகூடப் பார்த்திராதவர். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களில் ஈழத்தவர் பங்கு தொடக்கத்திலிருந்தே பெரிது. முதல் ஆண்டுகளில் இதைத் தூக்கி நிறுத்தியவர் யாழ்ப்பாணத்துக் கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன். 2015-க்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. இரண்டு கரைத் தமிழும் ஒரே பக்கத்தில் புழங்குவதால் ஒரு பெயரை எந்த எழுத்தில் எழுதுவது என்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் வாதம் உண்டு.

மாற்றியவர் காரணமும் எழுதியிருந்தார்: பொதுவழக்குச் சொல் வேண்டும், 'பொழி' எல்லாருக்கும் புரியாது.

"புரியாதா?" பெரியவர் நிமிர்ந்தார். "எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூர் இருக்கு. நம்ம ஜில்லாவுல பொழிக்கரை இருக்கு. அதுக்கு மேல என்ன புரியணும்?"

"சாரே, ஊர்ப் பேர வச்சு நாம அர்த்தம் சொன்னா அது சொந்த ஆய்வு."

"அப்ப கண்ணு முன்னால கெடக்குற பொழி?"

"அதுவும்தான்."

அவர் சாயாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ மலையாளத்தில் முணுமுணுத்தார். அவள் சிரித்துக்கொண்டே பழைய நாளிதழ்ச் செய்திகளைத் துழாவினாள். மணக்குடியைப் பற்றிய செய்தி ஒன்றில் 'பொழிமுகம்' என்று தலைப்பிலேயே இருந்தது. பேச்சுப் பக்கத்தில் அதை ஒட்டி, 'கழிமுகம், உள்ளூர் வழக்கில் பொழி' என்று வைக்கலாமா என்று கேட்டாள்.

பேருந்து வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, கண்டக்டரிடம் மார்த்தாண்டம் மூன்று என்று சொல்லி முடித்தபோது பதில் வந்தது. எனக்கும் பெரியவருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"சரி. அப்படியே விடுங்கோ. எங்கட பக்கம் முகத்துவாரம் எண்டு சொல்லுவம். முல்லைத்தீவுப் பக்கம் கொக்குத்தொடுவாய் எண்டு ஊர் இருக்கு, தொடுவாய் எண்டாலும் இதுதான். சான்று கிடைச்சால் எல்லாத்தையும் சேர்த்துத் தனிக் கட்டுரை ஒண்டு தொடங்குவமா?"

பெரியவர் நோட்டை எடுத்து, 'தொடுவாய்' என்று எழுதிக்கொண்டார். இந்த முறை தமிழ் எழுத்தில்.