கொல்மார் சந்தையில் கேட்ட மொழி

பிரான்சின் கிழக்கு எல்லையில், வோஜ் மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது கொல்மார். மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களை மலை தடுத்துவிடுவதால், பிரான்சிலேயே மழை மிகக் குறைந்த நகரங்களுள் ஒன்று அது. அந்த வறட்சியே திராட்சைக்கு வாய்ப்பாயிற்று. மலைச்சரிவெங்கும் ரீஸ்லிங், கெவுர்ட்ஸ்ட்ராமினர் கொடிகள். அல்சாஸ் ஒயின்களின் தலைநகர் என்று கொல்மார் தன்னை அழைத்துக்கொள்கிறது. டிசம்பரில் அதன் பழைய சதுக்கங்களில் கிறிஸ்துமஸ் சந்தை கூடும். ஸ்ட்ராஸ்பூர்கில் நடந்த ஒரு பயிலரங்கிற்குச் சென்றிருந்த நான், இடையில் கிடைத்த ஒரு சனிக்கிழமையை இந்தச் சந்தைக்கு ஒதுக்கினேன்.

இந்தச் சந்தைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. சீர்திருத்தச் சபையினர் புனித நிக்கோலஸ் வழிபாட்டை ஏற்கவில்லை. ஆகவே ஸ்ட்ராஸ்பூர்கில் அவர் பெயரால் நடந்த சந்தை 1570-இல் குழந்தை இயேசுவின் பெயருக்கு மாறியது. கொல்மாருக்கு வடக்கே உள்ள செலெஸ்டா ஊரின் 1521-ஆம் ஆண்டுக் கணக்கேடு, கிறிஸ்துமஸ் மரங்களைக் காத்த வனக்காவலர்களுக்குக் கொடுத்த கூலியைக் குறிக்கிறது. கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றாக இதைக் கருதுகின்றனர். இங்கு விற்கப்படும் 'மரபு' முழுவதும் சுற்றுலாவுக்காக நேற்றுப் புனைந்ததன்று.

எனினும் மொழியியல் படித்தவருக்குக் கண்ணைவிடக் காது முந்திக்கொள்கிறது. டொமினிக்கன் தேவாலயத்தைச் சுற்றிய மரக்கடைகளின் பெயர்ப்பலகைகளில் அல்சாசிய மொழி நிறைந்திருந்தது. அது அலெமானிக் கிளையைச் சேர்ந்த ஜெர்மானிய மொழி. சிறு பிஸ்கட்டுகளுக்கு 'ப்ரெடலா' என்று பெயர். 'சிறு ரொட்டி' என்பது நேர்ப்பொருள். வடக்கே ஸ்ட்ராஸ்பூர்கில் நான் படித்த பலகைகளில் இதே சொல் 'ப்ரெடலே' என்றிருந்தது. சிறுமைப் பொருள் தரும் விகுதி வட அல்சாசில் ஒரு வடிவமும் தென் அல்சாசில் வேறொரு வடிவமும் கொள்கிறது. கிளைமொழி எல்லையை ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் மேல் படிக்க முடிந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பலகைகளுக்குக் கீழே நடந்த பேச்சு முழுவதும் பிரெஞ்சு. விலை கேட்டது, பேரம், நன்றி, குழந்தைகளை அதட்டியது எல்லாமே பிரெஞ்சில்தான். மூன்று மணி நேரத்தில் அல்சாசியம் என் காதில் விழுந்தது நான்கு முறை. நான்கு முறையும் பேசியவர்கள் முதியவர்கள், முதியவர்களோடு.

அவர்களுள் ஒருவர் ப்ரெடலா விற்ற ஓர் அம்மையார், எழுபதைக் கடந்தவர். பக்கத்துக் கடையில் சூடான வெள்ளை ஒயின் ஊற்றிக்கொண்டிருந்த முதியவரிடம் அல்சாசியத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பேச்சுக் கொடுத்தேன். அவர் பிரெஞ்சில் பதில் சொன்னார். "நீங்கள் பேசுவது ஜெர்மன். நான் பேசியது அதுவன்று" என்று புன்னகையோடு திருத்தினார். பள்ளியில் அதைப் பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனையாக ஒரே வரியைப் பலமுறை எழுதும்படி பணித்தார்களாம். பின்னாளில் தம் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே பிரெஞ்சு மட்டும் பேசினாராம். கடைக்குள் அமர்ந்து பொட்டலங்களுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த பேத்தியைக் காட்டி, "இவளுக்கு எல்லாப் பிஸ்கட்டின் பெயரும் தெரியும்" என்றார். பெயர்கள் மட்டுமா என்று கேட்டேன். "பெயர்கள் மட்டும்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் அதை ஒரு கணக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அந்தக் கணக்கின் பின்னால் வரலாறு இருக்கிறது. 1871-இல் அல்சாஸ் ஜெர்மனியிடம் போயிற்று. முதல் உலகப் போர் முடிந்தபோது பிரான்சிடம் திரும்பியது. 1940-இல் மீண்டும் ஜெர்மானிய ஆட்சி. 1945-இல் மீண்டும் பிரான்ஸ். 1870-இல் இங்கே பிறந்து எழுபத்தாறு வயது வாழ்ந்தவருக்கு வீட்டை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருக்கும். நாஜிகள் பிரெஞ்சு மொழியைத் தடை செய்தனர். அவர்கள் தோற்ற பிறகு, ஜெர்மனோடு உறவுடைய எந்தப் பேச்சும் பகைவனின் பேச்சாயிற்று. பிரெஞ்சு பேசுவதே நாகரிகம் என்ற சுவரொட்டி முழக்கம் பரவியது. மக்கள் மொழியைக் கைவிட்டது அறியாமையால் அன்று. தாங்கள் எந்தப் பக்கம் என்பதை அன்றாடம் மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால்தான்.

விளைவை எண்களில் காணலாம். 2012-இல் அல்சாஸ் மொழி, பண்பாட்டு அலுவலகத்திற்காக எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், 60 வயதைக் கடந்தவர்களில் 74 விழுக்காட்டினர் தங்களுக்கு அல்சாசியம் பேசத் தெரியும் என்றனர். 18 முதல் 29 வயதினரிடையே அது 12 விழுக்காடு. 3 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடையே வெறும் 3. ஒட்டுமொத்தச் சராசரியோ 43 விழுக்காடு. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இது நலமாக இருக்கும் மொழி. வயதுவாரியாகப் பார்ப்பவருக்கு, தலைமுறைக் கைமாற்றம் ஏறத்தாழ நின்றுபோன மொழி. நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணையிலிருந்து மொத்த எண்ணை எடுத்து ஆய்வேட்டின் முதல் இயலில் வைக்கும் நாம் இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

சந்தையின் தகரப் பெட்டிகளில் அச்சிட்டிருந்த ஓவியங்களும் என்னை நிறுத்தின. பெரிய கருப்பு நாடா முடிச்சைத் தலையில் அணிந்த சிறுமிகள், நாரைகள், சாய்கூரை வீடுகள். இவற்றைப் புகழ்பெறச் செய்தவர் 1873-இல் கொல்மாரில் பிறந்த ழான்-ழாக் வால்ட்ஸ். 'ஹான்சி' என்ற புனைபெயரில் வரைந்தவர். ஜெர்மானிய ஆட்சியை எள்ளி நகையாடியதற்காக 1914-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பிரான்சுக்குத் தப்பிச் சென்றவர் அவர். அன்று அந்தச் சிறுமியின் உடை ஓர் அரசியல் அறிக்கை. இன்று அதே சிறுமி பிஸ்கட் பெட்டியின் மூடி. அடையாளம் அழகுப்பொருளாக மாறும்போது அழியாமல் நீடிக்கிறது. ஆனால் எதையும் வாதிடுவதில்லை.

ஒயின் கடைகளில் இன்னொரு முரண். அல்சாசில் 'பினோ க்ரி' திராட்சையின் ஒயினை நெடுங்காலம் 'தொக்காய்' என்றே அழைத்தனர். ஹங்கேரியில் அதே பெயரில் ஓர் ஒயின் வட்டாரம் இருப்பதால், ஐரோப்பிய ஒன்றியத்துடன் அந்நாடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 2007-இல் அல்சாஸ் அப்பெயரைக் கைவிட நேர்ந்தது. ஒரு புட்டியின் மேலுள்ள ஒற்றைப் பெயரைக் காக்க நாடுகளுக்கிடையே உடன்படிக்கை உண்டு. அந்தப் புட்டியை நிரப்பியவரின் மொழிக்கோ? வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பியச் சாசனத்தில் பிரான்ஸ் 1999-இல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை உறுதிப்படுத்திச் சட்டமாக்கவில்லை. 2021-இல் வட்டார மொழிகளுக்கென நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியபோது, முழுமையாக அம்மொழிவழியே கற்பிக்கும் முறையை அரசமைப்பு அவை செல்லாததாக்கியது.

'ப்ரெடலா' என்ற சொல் பிரெஞ்சில் நிலைத்துவிட்டதே, அது ஒருவகை உயிர்ப்பு அல்லவா என்று கேட்கலாம். அந்தக் கடைகளில் மணந்த இஞ்சியே இதற்கு விடை. பிரெஞ்சில் 'ழான்ழாம்ப்ர்', ஜெர்மனில் 'இங்வர்'. இரண்டும் இலத்தீன், கிரேக்கம், பிராகிருதம் வழியே பின்னோக்கிச் சென்றால் 'இஞ்சி', 'வேர்' என்னும் திராவிடச் சொற்களின் மூல வடிவங்களில் சேர்கின்றன. அதனால் கொல்மாரில் எவரும் திராவிட மொழி பேசவில்லை. சொல் சரக்கோடு சேர்ந்து எங்கும் பயணம் செய்யும். இலக்கணம் அப்படிப் பயணம் செய்யாது. ஒருவர் மற்றொருவரோடு சண்டையிட, கெஞ்ச, கடன் கேட்க அது வேண்டும்.

ஆகவே ஒரு சந்தையில் நாம் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள் என்று தோன்றுகிறது. மொழி விற்கப்படுகிறதா? மொழியில் விற்கப்படுகிறதா? தமிழில் இவற்றுக்கிடையே உள்ளது ஒரு வேற்றுமை உருபுதான். ஆதிலாபாத் மாவட்டத்தின் வாரச்சந்தைகளில் நான் கள ஆய்வு செய்கிறேன். அங்கே கோண்டியில் ஒரு பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஆனால் மிளகாய்க் குவியலுக்கு இருபுறமும் அமர்ந்த பெண்கள் கோண்டியில் பேரம் பேசுகிறார்கள்; கைக்குழந்தை அதைக் கேட்டுக்கொண்டே உறங்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30 லட்சம் பேர் பேசும் அம்மொழி எட்டாம் அட்டவணையில் இல்லை. அதற்குப் பலகையும் பாடநூலும் வேண்டும் என்று வாதிடுவோருள் நானும் ஒருவன். அந்த வாதத்தைக் கைவிடவில்லை. ஆனால் பலகை வரும் நாளில் பேரம் தெலுங்குக்கு மாறியிருந்தால், நாம் பெற்றது என்ன?

கொல்மாரிலிருந்து திரும்பியதும் என் வினாநிரலில் மூன்று கேள்விகளைச் சேர்த்தேன். கடன் சொல்லும்போது எந்த மொழி? சில்லறை எண்ணும்போது எந்த மொழி? கூட வந்த பிள்ளையை அதட்டும்போது எந்த மொழி? மூன்றாவதுதான் முதன்மையானது என்பது என் கணிப்பு. தரவு இனிமேல்தான் சொல்ல வேண்டும். தோடா, குறும்பா, குவி, சந்தாலி என வெவ்வேறு மொழிகளில் பணிபுரியும் நண்பர்கள் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் கள ஊர்ச் சந்தையில் பிள்ளைகள் எந்த மொழியில் அதட்டப்படுகிறார்கள் என்று அடுத்த முறை கவனித்து எழுதுங்கள். வயதையும் குறித்துக்கொள்ளுங்கள்.