தண்டவாளத் துண்டு

கும்பகோணத்தில் நாங்கள் படித்த ஆரம்பப் பள்ளியில் மணி என்பது வேப்பமரக் கிளையில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. பியூன் தாத்தா இரும்புக் கம்பியால் ஓங்கி அடித்தால் தெருக்கோடி வரை கேட்கும். எங்களுக்கு அந்தச் சத்தம் இன்டர்வெல், இலந்தவடை, குழாயடிச் சண்டை. எனக்கு இரண்டு வகுப்பு கீழே இருந்த தம்பியோ காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கடியில் புகுந்துவிடுவான். இழுத்தால் கடிப்பான். வகுப்புக்கு என்னைக் கூப்பிட ஆள் வரும்.

அவனுக்குப் பேச்சே வராது என்றில்லை. ரேடியோ விளம்பரத்தை ராகம் பிசகாமல் சொல்வான். ‘சாப்பிட்டியாடா?’ என்றால் ‘சாப்பிட்டியாடா?’ என்பான். வலி, பசி, பயம் இவற்றைச் சொல்லத்தான் வாய் வராது. திமிர் என்றார்கள், வளர்ப்பு சரியில்லை என்றார்கள். அம்மா அவனைச் சுவாமிமலைக்குக் கூட்டிப்போய் மொட்டையடித்தாள். 1990-களின் தொடக்கம் அது. ஆட்டிசம் என்ற வார்த்தை எங்கள் தெருவுக்குள் வந்திருக்கவில்லை. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையைப் பின்னாளில் படித்தேன். கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லும் பிள்ளை, சத்தத்துக்கு நடுங்கும் பிள்ளை என்று என் தம்பி அதில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தான்.

டிராயிங் மாஸ்டர் எங்கள் ஊர்க் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். விரலிடுக்கில் எப்போதும் கரி படிந்திருக்கும். போர்டில் மாம்பழம் வரைந்து அதைப் பார்த்து எல்லோரையும் வரையச் சொல்வார். தம்பி மாம்பழம் வரையவில்லை. நீளமாக ஒரு கட்டை, அதற்கு மேலே கயிறு, சுற்றிலும் தாளே கிழியும்படி கறுப்புக் கிரேயானால் கிறுக்கல். அடுத்த வாரமும் அதே படம். கீழ் மூலையில் மட்டும் புதிதாக ஒரு சின்னப் பையன், காதிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிவப்புப் பொட்டு.

மாஸ்டர் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்று வேப்பமரத்தைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு பியூன் தாத்தாவிடம் போய் ஏதோ பேசினார். மறுநாளிலிருந்து மணியடிக்கும் முன் தாத்தா மூன்றாம் வகுப்பு வாசலில் வந்து நின்று கம்பியைத் தூக்கிக் காட்டுவார். தம்பி தானே காதைப் பொத்திக்கொண்டு காத்திருப்பான். பெஞ்சுக்கடியில் புகுவது அநேகமாக நின்றுபோனது.

அதோடு மாஸ்டர் விடவில்லை. காலண்டர் அட்டையை வெட்டி, பிரேயர், கணக்கு, மணி, தண்ணீர், சோறு, மணி, வீடு என்று ஒரு பள்ளி நாளையே கட்டம் கட்டமாக வரைந்து கொடுத்தார். அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதான் தம்பியைப் பாதி நேரம் அலைக்கழித்திருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லரும் அவரோடு இருந்தவர்களும் 1970-களிலேயே இதை ஒரு கல்விமுறையாக வளர்த்திருந்தார்கள். மாஸ்டருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவருக்குப் பிள்ளையின் படத்தைப் பார்க்கத் தெரிந்திருந்தது.

ஆட்டிசமும் ஓவியமும் என்றாலே பலர் லண்டன்காரர் ஸ்டீபன் வில்ட்ஷயரைத்தான் சொல்வார்கள். ஹெலிகாப்டரில் ஒருமுறை சுற்றிவந்து நகரத்தையே நினைவிலிருந்து வரைபவர். அவர் மீது எனக்கு வியப்புண்டு. ஆனால் அவரைச் சொல்லிச் சொல்லியே சாதாரணமாக வரையும் பிள்ளைகளின் தாள்களை நாம் கவனிக்காமல் விடுகிறோம். என் தம்பியின் கோடு கோணல்தான். மாவட்டப் போட்டிக்கு அவன் படத்தை அனுப்பலாமா என்று தலைமையாசிரியர் கேட்டபோது, “அவன் நமக்கு எழுதின லெட்டர் சார் அது. போட்டிக்கு எதுக்கு?” என்றார் மாஸ்டர். ஓவிய வகுப்பைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தூக்கிக் கொடுக்கும் பள்ளிகளைக் கேள்விப்படும்போது எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஒரு வகுப்பில்தான் வாய் திறக்க முடிகிற பிள்ளைகள் அங்கேயும் இருப்பார்கள்.

வீட்டிலும் அம்மா சிலேட்டை அடுக்களை வாசலில் மாட்டிவைத்தாள். காய்ச்சல் வந்தால் சூரியனைத் தன் வயிற்றுக்குள் வரைவான். தலைவலி என்றால் தலை சிலேட்டை விட்டு வெளியே போய்விடும். தேய்த்துவிட்ட சட்டை குத்தினால் முதுகெல்லாம் முள். ஒவ்வொன்றாக எங்களுக்குப் பிடிபட்டது.

ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி. மாற்றுச் சான்றிதழோடு அவனுடைய டிராயிங் நோட்டுகளையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துப்போய்ப் புது டீச்சரிடம் அம்மா கொடுத்தாள். “இதைப் புரட்டிப் பாருங்க டீச்சர், இவனைத் தெரிஞ்சுக்கலாம்.” அன்று சாயங்காலமே அந்த டீச்சர் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து ஒரு பக்கத்தை விரித்தார்.

“சோத்துக்கு ஏங்க பச்சைக் கலர் அடிச்சு, மேல பெருக்கல் குறி போட்டிருக்கான்?”

“புதினா சாதம் டீச்சர். அந்த வாசனை அவனுக்கு ஆகாது. பக்கத்துல யாராவது டப்பாவைத் திறந்தா எழுந்து ஓடிடுவான்.”

“அப்ப சாப்பாட்டு நேரத்துல ஜன்னலோரமா உக்கார வைக்கிறேன்,” என்று சொல்லி, டீச்சர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.