சாவி யார் கையில்?

பசங்களா, உங்கள் மனுவை முழுசாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆவடி சேக்காட்டுக்கு ஒரு சமுதாய மையம் வேண்டும், அதில் ஜிம், நூலகம், ஷட்டில் கோர்ட், மாடியில் ஏசி ஹால் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். கேட்டது தப்பே இல்லை. ஆனால் காலையில் அதை யார் திறப்பது, ராத்திரி யார் பூட்டுவது என்று ஒரு வரி கூட அதில் காணோம்.

நம் பக்கம் இப்படி ஒரு இடம் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1961-ல் டேங்க் ஃபேக்டரி வந்தது, துணி ஃபேக்டரி வந்தது. அவரவர் எஸ்டேட்டுக்குள் மைதானம், பள்ளிக்கூடம், மன்றம் எல்லாம் இருந்தன. மதில் சுவருக்குள்ளே! ரிட்டயர் ஆனதும் என்னைப் போன்றவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வெளியே மனை வாங்கி வந்தோம். மனையோடு பட்டா வந்தது, கிணறு வந்தது, பிறகு போர்வெல் வந்தது. மைதானமும் மன்றமும் கூட வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவரவருக்கு வீட்டுக் கடன். 2019-ல் ஆவடி மாநகராட்சி ஆன பிறகும் அவை வரவில்லை. இத்தனைக்கும், 1955-ல் காங்கிரஸ் மாநாடு கூடி ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்று தீர்மானம் போட்ட ஊர் இது. நம் தெருவில் நாலு பேர் காசு கொடுக்காமல் உட்கார வேண்டுமென்றால் டீக்கடை பெஞ்சுதான். பெண்களுக்கு அதுவும் கிடையாது.

இடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெரிய லேஅவுட் போடும்போது பத்து சதவீத நிலத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விட வேண்டும் என்பது விதி. அந்த வேலி போட்ட காலி மனையைப் பார்த்து ‘இங்கே கட்டலாமே’ என்று எழுதாதீர்கள். திறந்தவெளியை வேறு எதற்கும் மாற்றக்கூடாது என்று கோர்ட்டுகளே சொல்லியிருக்கின்றன. வரைபடத்தில் ‘பொது உபயோகம்’ என்று தனியாகக் குறித்த மனை இருக்கிறதா, மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய கட்டடம் ஏதாவது சும்மா கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். லேஅவுட் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அதிகாரி உட்காரச் சொல்வார். வெறும் கையோடு போனால் ‘பார்க்கலாம்’ என்பார்.

பணத்துக்கு ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை நாம் போட்டால் மீதியை அரசு போடும். அதைப் பேசுவதற்கு வார்டில் பகுதி சபை கூடுகிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தொடங்கியது அது. அங்கே போய் மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். கவுன்சிலர் வீட்டு வாசலில் கொடுக்கும் மனுவை விட அதற்குக் கனம் அதிகம்.

இதெல்லாம் விசாரித்தால் யாரும் சொல்லிவிடுவார்கள். சாவி விஷயத்தைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி நூலகம் கட்டினார்கள். நல்ல திட்டம். ஆனால் பல ஊர்களில் கட்டடம் நின்றது, திறக்க ஆள் நிற்கவில்லை. பிறகு அவற்றைப் பழுது பார்க்கவே தனியாகப் பணம் ஒதுக்க வேண்டி வந்தது.

நான் வாலிபத்தில் ஒரு மன்றத்தில் இருந்தேன். கேரம் போர்டு, இரண்டு தினசரி, ஒரு ரேடியோ. சாவி செயலாளர் சட்டைப்பையில். அவருக்கு நைட் ஷிஃப்ட் என்றால் அந்த வாரம் முழுக்க மன்றம் மூடல், கேட்டால் கோபம். கடைசியில் மூன்று சாவி போட்டோம். ஒன்று செயலாளரிடம், ஒன்று பக்கத்து வீட்டு அம்மாவிடம், ஒன்று டீக்கடையில் ஆணியில். டீக்கடைச் சாவிக்கு ஒரு நோட்டு. எடுப்பவர் பெயரும் நேரமும் எழுத வேண்டும். போரிக் பவுடர் டின் காலியானாலும், ஸ்ட்ரைக்கர் காணாமல் போனாலும், ஞாயிறு பேப்பரின் சினிமா இணைப்பு மாயமானாலும் கடைசியாகச் சாவி எடுத்தவர்தான் ஜவாப். அதற்குப் பிறகு ஸ்ட்ரைக்கர் தொலைவது பெரும்பாலும் நின்றது. சினிமா இணைப்பு மட்டும் தொலைந்துகொண்டேதான் இருந்தது.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் ‘சனசமூக நிலையம்’ என்று இருக்கிறது. பல ஊர்களில் அது ஒரு சின்னக் கட்டடம்தான். காலையில் பத்திரிகை படிப்பார்கள், சாயங்காலம் வாலிபால், ராத்திரி பிள்ளைகளுக்குப் பாடம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் ஊர்க்காரர்களே. வெளிநாட்டில் இருப்பவர்கள் கூட நினைத்துக்கொண்டு பணம் அனுப்புகிறார்கள். சிங்கப்பூரில் 1960-ல் மக்கள் கழகம் அமைத்து, பேட்டைக்குப் பேட்டை சமூக மன்றம் நடத்துகிறார்கள். அது அரசாங்கக் காசு, சம்பள ஆள். நம்மால் இப்போதைக்கு ஆவது யாழ்ப்பாணத்து வழிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சின்ன இடம் என்று முகம் சுளிக்காதீர்கள். வடசென்னை புது வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா. அப்பாவே கேரம் சொல்லிக்கொடுப்பவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். அதே சென்னையிலிருந்துதான் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் கேரம் உலக சாம்பியன் ஆனார். அடுத்த வருஷம் அர்ஜுனா விருது. ஏசி ஹாலில் உருவான ஆட்கள் இல்லை இவர்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கும் வேண்டும். ஒற்றை ரூம் வீட்டில் அப்பா டிவி பார்க்க, தம்பி அழ, ஒரு பெண் எப்படி குரூப் 4-க்குப் படிப்பாள்? கொளத்தூரில் 2024-ல் ‘முதல்வர் படைப்பகம்’ என்று படிப்பதற்கு ஓர் இடம் திறந்தார்கள். ஒரு நடை போய் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். கட்டடத்தைப் போட்டோ எடுக்க வேண்டாம்; நேரப் பலகையைப் போட்டோ எடுங்கள். பெண்கள் வரவேண்டுமென்றால் வாசலில் விளக்கும், உள்ளே தண்ணீர் வருகிற கழிவறையும் வேண்டும். அதைக் கழுவுவது யார் என்பதையும் முதல் கூட்டத்திலேயே பேசிவிடுங்கள். வெட்கப்படாதீர்கள். எத்தனையோ மன்றம் இந்த ஒரு விஷயத்தில்தான் மூடியிருக்கிறது.

கட்சிக் கொடி வாசலில் ஏறினால் பாதித் தெரு வராது. எந்தக் கட்சி என்றாலும் இதே கதைதான். கல்வெட்டில் யார் பெயர் என்ற சண்டையில் தலையிடாதீர்கள், யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். ஏரிக்கரைப் பக்கத்துப் பையன் உள்ளே வரும்போது ஸ்ட்ரைக்கரை ஒளித்து வைக்கிற ஆள் ஒருத்தன் இருப்பான், எல்லா ஊரிலும் இருப்பான். அவனை முதல் நாளே வெளியே அனுப்பிவிடுங்கள். வாடகை வீட்டில் இருக்கிற வடநாட்டுக் குடும்பத்துப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். கேரம் ஆட பாஷை வேண்டாம்.

கட்டடம் வர இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ ஆகும். அதுவரை என் வீட்டுக் கார் ஷெட் சும்மாதான் கிடக்கிறது, வண்டியை விற்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் பெருக்குங்கள். போர்டு நான் வாங்கித் தருகிறேன். பேப்பர் காசும் கரண்ட் பில்லும் உங்கள் பொறுப்பு. நோட்டு ஒன்று வாங்கி வாருங்கள், நீளமான நோட்டாக. சாவி மூன்று போடச் சொல்லியிருக்கிறேன்; ஒன்று கூட என்னிடம் இருக்காது.